காந்தத்தில் ஒட்டாத காந்தங்கள்

நிக்கல் ஆக்சைடு என்று ஒரு பச்சைத் தூள் உண்டு. பீங்கான் மெருகுக்கு நிறமேற்றப் பயன்படுவது. நுண்தூளாக மூச்சில் போனால் புற்றுநோய் அபாயம் இருப்பதால் முகக்கவசம் இல்லாமல் கையாளக் கூடாது. வலுவான நியோடிமியம் காந்தத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனாலும் தூள் அசையாது. அதே நிக்கலை உலோகத் துண்டாக எடுத்தால் காந்தத்தில் பச்சென்று ஒட்டிக்கொள்ளும்.

கணக்குப் பார்த்தால் இது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். உலோக நிக்கலில் அணு ஒன்றுக்குக் கிடைக்கும் காந்தத் திருப்புத்திறன், அதாவது அணுக் காந்தத்தின் பலம், 0.6 போர் மேக்னெட்டான்தான் (அணுக் காந்தங்களை அளக்கும் அலகு அது). ஆக்சைடில் இருக்கும் நிக்கல் அயனியிலோ இணை சேராத எலக்ட்ரான்கள் இரண்டு. திருப்புத்திறன் ஏறக்குறைய 2 மேக்னெட்டான். மூன்று மடங்கு பலமுள்ள அணுக் காந்தங்களை உள்ளே வைத்திருக்கும் பொருள் ஒட்டவில்லை. பலம் குறைந்தது ஒட்டுகிறது.

விடை, அந்த அணுக் காந்தங்கள் நிற்கும் வரிசையில் இருக்கிறது. ஆக்சைடில் ஒரு தளத்தில் உள்ள நிக்கல் அயனிகள் எல்லாம் ஒரு பக்கம் பார்த்து நின்றால், அடுத்த தளத்தில் உள்ளவை நேர் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். அதற்கடுத்த தளம் மறுபடி முதல் பக்கம். கூட்டினால் சுழி. வடம் இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சமபலம் என்றால் வடம் நகராது. அதற்காக வடம் தொய்ந்து கிடக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இப்படி விறைப்பாக நிற்கும் சுழிக்குப் பெயர்தான் எதிர்ஃபெர்ரோ காந்தம்.

மயில்துத்தமும் காந்தத்தில் ஒட்டாது. அது வேறு கதை. அங்கே தாமிர அயனிகளின் காந்தங்கள் வெப்பத்தால் கண்டபடி திரும்பிக்கொண்டே இருப்பதால் கூட்டுத்தொகை சுழியாகிறது. அது பாரா காந்தம். வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்கின் சுழியும் ஒழுங்கின்மையின் சுழியும் ஒன்றுபோலவே தெரியும். இந்தத் துறையில் பாதி உழைப்பு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதிலேயே போகிறது.

எந்தக் காந்த ஒழுங்குக்கும் ஒரு வெப்பநிலை வரம்பு உண்டு. அணுக் காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும் ஃபெர்ரோ காந்தத்துக்கு அது கியூரி வெப்பநிலை: இரும்புக்கு 1043 கெல்வின், நிக்கலுக்கு 627, கடோலினியத்துக்கு 293. கடைசி எண் 20 டிகிரி செல்சியஸ்தான். ஆகவே சென்னைப் பகலில் கடோலினியம் காந்தத்தில் ஒட்டாது, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தால் ஒட்டும். எதிர்ஃபெர்ரோ பொருள்களுக்கு அந்த வரம்பு நெயெல் வெப்பநிலை. மாங்கனீசு ஆக்சைடுக்கு 118 கெல்வின், இரும்பு மோனாக்சைடுக்கு 198, கோபால்ட் ஆக்சைடுக்கு 290, நிக்கல் ஆக்சைடுக்கு 525. நான்குக்கும் சாப்பாட்டு உப்பின் படிக அமைப்புதான். தனிம அட்டவணையில் வலப்பக்கம் போகப் போக அயனிகள் நெருங்குகின்றன, ஆக்சிஜனோடு பிணைப்பும் இறுகுகிறது, வரம்பும் ஏறுகிறது.

பிணைப்பு இறுகினால் காந்த ஒழுங்கு ஏன் பலப்பட வேண்டும்? சட்டக்காந்தங்கள் போல வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று இழுப்பதால்தான் அணுக்கள் வரிசையாகின்றன என்று நினைப்பது இயல்பு. அந்த இழுவிசையின் வலிமையைக் கணக்கிட்டால் சுமார் 1 கெல்வின் அளவுக்குத்தான் வரும். 525 கெல்வின் வரை தாக்குப்பிடிக்கும் ஒழுங்குக்கு அது போதவே போதாது. வேலை செய்வது, ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கக் கூடாது என்னும் பவுலி விலக்கல் விதியும் எலக்ட்ரான்களுக்கு இடையிலான மின் விலக்கமும் சேர்ந்து உண்டாக்கும் பரிமாற்ற இடைவினை.

ஆக்சைடில் இரண்டு நிக்கல் அயனிகள் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது. நிக்கல், ஆக்சிஜன், நிக்கல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்போது ஆக்சிஜனின் ஒரே ஆர்பிட்டால் (எலக்ட்ரான்கள் உலவும் பகுதி) இரண்டு பக்கமும் நீண்டு இரு நிக்கலையும் தொடுகிறது. அந்த ஆர்பிட்டாலில் உள்ள இரண்டு எலக்ட்ரான்களின் ஸ்பின்னும், அதாவது அவற்றின் காந்தத் திசையும், கட்டாயமாக எதிரெதிர். ஒன்று இடப்பக்க நிக்கலில் கொஞ்சம் எட்டிப்பார்க்க, மற்றொன்று வலப்பக்க நிக்கலில் எட்டிப்பார்க்க, ஆற்றல் சற்றுக் குறைகிறது. இப்படி எட்டிப்பார்க்க இரண்டு பக்கமும் இடம் கிடைக்க வேண்டுமானால் இரு நிக்கல்களும் எதிரெதிராக இருக்க வேண்டும். ஒரே பக்கம் பார்த்தால் ஒரு எலக்ட்ரானுக்குக் கதவு அடைபடும். இந்த மறைமுகப் பரிமாற்றத்தை கிராமர்ஸ் 1934-ல் முன்வைத்தார். ஆண்டர்சன் 1950-ல் அதற்கு முறையான கணக்குப் போட்டார். கோணம் 180 டிகிரி என்றால் வலுவான எதிர்ஃபெர்ரோ. 90 டிகிரியை நெருங்கினால் ஆக்சிஜனின் இரண்டு வேறு ஆர்பிட்டால்கள் வந்துவிடும், இடைவினை பலவீனமாகி பெரும்பாலும் ஃபெர்ரோ பக்கம் சாயும். படிக அமைப்பைப் பார்த்தே காந்த ஒழுங்கை ஊகிக்க வேதியியலாளர்களுக்கு இன்றும் உதவும் குட்எனஃப்–கனமோரி விதிகளின் சாரம் இதுதான்.

சுழியை அளப்பது எப்படி

எதிரெதிர் ஒழுங்கு என்ற கருத்தை 1930-களில் லூயி நெயெல் பிரான்சிலும், 1933-ல் லேவ் லாண்டாவ் சோவியத் ஒன்றியத்திலும் தனித்தனியே வந்தடைந்தார்கள். முதல் தெளிவான தடயம் 1938-ல் மாங்கனீசு ஆக்சைடில் கிடைத்தது. குளிர்விக்கக் குளிர்விக்க அதன் காந்த ஏற்புத்திறன் (வெளிப்புலத்துக்கு எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) ஏறிக்கொண்டே போய், 120 கெல்வினை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. பாரா காந்தத்தில் இந்த இறக்கம் வரவே வராது.

எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கும் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஸ்பின்கள் நிற்கும் அச்சுக்குச் செங்குத்தாகப் புலம் கொடுத்தால் இரு அணிகளும் புலத்தை நோக்கிச் சற்றே சாயும். அந்தச் சாய்வைத் தீர்மானிப்பது பரிமாற்ற இடைவினை மட்டுமே என்பதால் நெயெல் வெப்பநிலைக்குக் கீழே ஏற்புத்திறன் மாறாமல் நிற்கும். அச்சுக்கு இணையாகக் கொடுத்தால், மிகக் குளிரில் ஓர் அணி ஏற்கெனவே முழுமையாகப் புலத்தின் பக்கம், மற்றது முழுமையாக எதிர்ப்பக்கம். எதுவும் அசையாது, ஏற்புத்திறன் சுழியை நோக்கிப் போகும். தூளில் துகள்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் மூன்றில் ஒரு பங்கு இணை, இரண்டு பங்கு செங்குத்து. எனவே 0 கெல்வினில் மிஞ்சுவது உச்சத்தின் மூன்றில் இரண்டு பங்கு. மாங்கனீசு ஆக்சைடில் அளந்து கிடைப்பதும் கிட்டத்தட்ட அதுவே.

ஆனாலும் இது சூழ்நிலைச் சாட்சி மட்டுமே. நேரடிச் சாட்சி 1949-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையிலிருந்து வந்தது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, காந்தத் திருப்புத்திறன் உண்டு. ஆகவே எக்ஸ் கதிருக்குத் தெரியாத ஸ்பின் திசை அதற்குத் தெரியும். கிளிஃபர்ட் ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடுத் தூளை 80 கெல்வினுக்குக் குளிர்வித்து நியூட்ரான் கற்றையில் வைத்தார்கள். அறை வெப்பநிலையில் இல்லாத புது உச்சிகள் முளைத்தன. அவற்றில் முதலாவது சுமார் 12 டிகிரியில். அலைநீளம் 1.06 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்து, கோணத்திலிருந்து தள இடைவெளியைத் தரும் பிராக் சமன்பாட்டில் போட்டால் தள இடைவெளி 5.1 ஆங்ஸ்ட்ராம் வரும். படிகத்தின் கூடு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கனசதுரம், 4.43 ஆங்ஸ்ட்ராம்தான், அதற்குள் 5.1 இடைவெளித் தளம் இருக்க வழியே இல்லை. கூட்டை இரட்டித்து 8.85 என்று கொண்டால் அதன் 111 தளத்துக்கு (கனசதுரத்தின் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தானது) 5.1 கச்சிதமாகப் பொருந்துகிறது. அதாவது அணுக்கள் 4.43-க்கு ஒருமுறை திரும்ப வருகின்றன. ஸ்பின்கள் திரும்ப வர இரட்டை தூரம் ஆகிறது. ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசை என்பதற்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து வேண்டியதில்லை. நெயெலுக்கு 1970-லும் ஷல்லுக்கு 1994-லும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அமைப்பில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஒரு மாங்கனீசு அயனிக்கு மிக அருகில் 12 மாங்கனீசுகள். அந்தப் பன்னிரண்டும் எதிர்த்திசையில் நிற்க இந்த வடிவியல் இடம் கொடுக்காது. ஆறு எதிராகவும் ஆறு இணையாகவும் நிற்கின்றன. ஆக்சிஜன் வழியாக நேர்கோட்டில் இருக்கும் அடுத்த ஆறு மட்டும் முழுக்க எதிர்த்திசை. விருப்பம் பாதி நிறைவேறாமல் கிடப்பதால் ஒழுங்கு வர, எதிர்பார்ப்பதைவிட அதிகம் குளிர்விக்க வேண்டியிருக்கிறது: உயர் வெப்பநிலை வளைவிலிருந்து கணித்த, இடைவினையின் வலிமையைக் காட்டும் வைஸ் வெப்பநிலை குறியை விட்டுப் பார்த்தால் 600 கெல்வினை ஒட்டி வருகிறது, ஒழுங்கு வருவதோ 118-ல்.

ஆய்வகத்தில் தடுக்கி விழும் இடங்கள்

இன்று ஒரு புதுப் பொருள் எதிர்ஃபெர்ரோவா என்று பார்க்க முதலில் போவது, நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் ஸ்குவிட் காந்தமானிக்கு அல்லது அதிர்வு மாதிரி காந்தமானிக்கு. 10 முதல் 50 மில்லிகிராம் தூள் போதும். புலமில்லாமல் 2 கெல்வின் வரை குளிர்வித்து, 0.1 டெஸ்லா புலம் கொடுத்து, சூடேற்றிக்கொண்டே அளப்பது ஒன்று. புலத்தோடு குளிர்வித்து அளப்பது மற்றொன்று. சுத்தமான எதிர்ஃபெர்ரோ பொருளில் இரண்டு வளைவுகளும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படியும். கீழே இரண்டும் பிரிந்தால் ஃபெர்ரோ மாசு, சாய்ந்த ஸ்பின்கள், ஸ்பின் கண்ணாடி (ஸ்பின்கள் ஒழுங்கில்லாமலே உறைந்த நிலை) ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள்.

பிறகு ஏற்புத்திறனின் தலைகீழை வெப்பநிலைக்கு எதிராக வரைந்து, நேர்கோட்டுப் பகுதியிலிருந்து, அயனியின் காந்த பலத்தைத் தரும் கியூரி மாறிலியும் வைஸ் வெப்பநிலையும் எடுப்பார்கள். மாங்கனீசு ஈரிணைய அயனிக்கு ஐந்து இணை சேராத எலக்ட்ரான்கள். கியூரி மாறிலி 4.375, பயனுறு திருப்புத்திறன் 5.92 மேக்னெட்டான். இந்த எண்ணிலிருந்து வெகுதூரம் விலகினால் கோட்பாட்டைத் திருத்துவதற்கு முன் தராசைப் பாருங்கள். வைஸ் வெப்பநிலை எதிர்க்குறியில் வந்தால் எதிர்ஃபெர்ரோ இடைவினை இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஒழுங்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம்.

நேர்கோடு பொருத்தும் வரம்பும் ஒரு பொறி. மாங்கனீசு ஆக்சைடை 150 முதல் 300 கெல்வின் வரை அளந்துவிட்டு கோடு போட்டால் தப்பு வரும். ஒழுங்கு வருவதற்கு வெகு முன்பே பக்கத்து ஸ்பின்கள் கூடிப் பேச ஆரம்பித்துவிடுகின்றன. 600 கெல்வினுக்கு மேல் போனால்தான் எண் நம்பகமாகும். அங்கே போக வெற்றிடமோ ஆர்கானோ வேண்டும், இல்லையென்றால் பச்சைத் தூள் ஆக்சிஜனேறிப் பழுப்பாகி வேறு பொருளாகிவிடும்.

40 முதல் 55 கெல்வினுக்குள் ஒரு சிறு மேடு தெரிந்தால் கொண்டாட வேண்டாம். மாதிரிக் குழாய்க்குள் கசிந்த காற்றின் ஆக்சிஜன் அங்கே உறைந்து, தானே ஒரு காந்தப் பொருளாக நடந்துகொள்கிறது. மாங்கனீசு மாதிரிகளில் அதே இடத்தில் இன்னொரு திருடனும் உண்டு: டிரைமாங்கனீசு டெட்ராக்சைடு, சுமார் 43 கெல்வினில் ஃபெர்ரி காந்தமாகும் (எதிரெதிர் அணிகள் சமமில்லாத காந்தம்) மாசு. பிரித்தறிவது எளிது. அறை வெப்பநிலையில் ஹீலியத்தால் பலமுறை கழுவி மறுபடி அளந்தால் ஆக்சிஜன் மேடு மறைந்துவிடும். மாசு அப்படியே இருக்கும். 10 கெல்வினில் தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் வளைவு) வரைந்தால் அதுவும் திறந்து நிற்கும்.

இரும்புக் கரண்டியால் மாதிரியைச் சுரண்டுவது மன்னிக்க முடியாத பழக்கம். 20 மில்லிகிராம் மாங்கனீசு ஆக்சைடு அறை வெப்பநிலையில் 1 டெஸ்லா புலத்தில் கொடுக்கும் திருப்புத்திறன் ஏறக்குறைய 0.0135 இ.எம்.யூ. (ஆய்வகத்தில் திருப்புத்திறனை அளக்கும் அலகு). தெவிட்டிய இரும்பு கிராமுக்கு 218 இ.எம்.யூ. கொடுக்கும். வகுத்துப் பாருங்கள்: கண்ணுக்கே தெரியாத 0.6 மைக்ரோகிராம் இரும்பு 1 சதவீதப் பிழைக்குப் போதும். பிளாஸ்டிக் கரண்டியே நல்லது. அப்படியும் சந்தேகம் இருந்தால் 3 டெஸ்லாவிலும் 5 டெஸ்லாவிலும் அளந்து வேறுபாட்டை மட்டும் எடுத்தால், ஏற்கெனவே தெவிட்டிவிட்ட இரும்பின் பங்கு கழிந்துபோகும்.

நெயெல் வெப்பநிலையை வளைவின் உச்சியில் படிப்பதும் சரியல்ல. ஏற்புத்திறனை வெப்பநிலையால் பெருக்கி, அந்தப் பெருக்கற்பலன் எங்கே மிகச் செங்குத்தாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். மைக்கேல் ஃபிஷர் 1962-ல் காட்டியது இது. சங்கிலி போலவோ தாள் போலவோ ஸ்பின்கள் அமைந்த பொருள்களில் உச்சி ஓரிடத்திலும் உண்மையான ஒழுங்கு அதற்கு வெகு கீழேயும் இருக்கும்.

கடைசித் தீர்ப்பு நியூட்ரானிடம். அதற்குச் சில கிராம் தூள் வேண்டும். வனேடியக் குழாயில் அடைப்பார்கள், வனேடியம் தன் பங்குக்கு உச்சிகளைக் காட்டாது என்பதால். இந்தியாவில் இதற்கான இடம் டிராம்பேயில் 1985 முதல் இயங்கும் 100 மெகாவாட் துருவா உலை. கடோலினியமோ போரானோ சேர்ந்த மாதிரி என்றால் அவை நியூட்ரானை விழுங்கிவிடும். விழுங்காத ஐசோடோப்பு வாங்கித்தான் மாதிரி செய்ய வேண்டும். கனசதுரப் படிகத்தின் தூளை வைத்து ஸ்பின்களின் எதிரெதிர் வரிசையைக் கண்டுபிடிக்கலாம். அவை படிகத்தில் எந்தத் திசையை நோக்கி நிற்கின்றன என்பதைச் சொல்ல முடியாது. அதற்கு ஒற்றைப் படிகம் வேண்டும்.

சமமில்லாத வடம்

இரண்டு அணியும் எதிரெதிராக இழுத்து, ஓர் அணி மட்டும் பலமாக இருந்தால் ஃபெர்ரி காந்தம். நெயெல் 1948-ல் பிரித்துக் காட்டிய வகை. நாம் அன்றாடம் தொடும் காந்தங்களில் பெரும்பகுதி இதுதான். ஒலிபெருக்கியின் பின்னால் இருக்கும் கருப்பு வளையம் உட்பட. அது பெரும்பாலும் ஸ்ட்ரான்சியம் ஃபெரைட். அதன் வாய்பாட்டில் 12 இரும்பு அயனிகள், ஒவ்வொன்றுக்கும் 5 மேக்னெட்டான். எட்டு ஒரு பக்கம், நான்கு மறுபக்கம். மிஞ்சுவது நான்கு, ஆக 20 மேக்னெட்டான். மேக்னடைட்டிலும் இதே கணக்கு: இரண்டு மூவிணைய இரும்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, மிஞ்சும் ஈரிணைய இரும்பின் 4 மட்டும் வெளியே தெரியும். அளந்தால் 4.1.

இந்தக் கழித்தல் கணக்கிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. காந்தத்தன்மையே இல்லாத துத்தநாகத்தை மாங்கனீசு ஃபெரைட்டிலோ நிக்கல் ஃபெரைட்டிலோ கலந்தால் காந்தமாக்கம் கூடுகிறது. துத்தநாகம் போய் உட்காருவது பலவீனமான அணியின் இருக்கைகளில். எதிராளி மெலிய மெலிய வடம் இந்தப் பக்கம் வருகிறது. ஏறக்குறைய பாதி வரை சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் பலமான அணியை ஒன்றாகக் கட்டிப்போட எதிராளியே இல்லாமல், அது தனக்குள் சிதறிவிடும். மின்மாற்றிக் கருக்கு ஃபெரைட் செய்பவர்கள் இன்னொரு விலையும் கொடுக்கிறார்கள்: துத்தநாகம் ஏற ஏற கியூரி வெப்பநிலை சரிகிறது.

செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும் ஹெமடைட் இன்னும் நுணுக்கமானது. 260 கெல்வினுக்குக் கீழே அது சரியான எதிர்ஃபெர்ரோ. மேலே ஸ்பின்கள் படிக அச்சிலிருந்து தளத்துக்குச் சரிந்து, ஒரு டிகிரிக்கும் குறைவாக ஒரே பக்கம் சாய்கின்றன. அந்தச் சாய்வு சிறு காந்தமாக வெளியே தெரிகிறது. சியலோஷின்ஸ்கி 1958-ல் சமச்சீர் வாதத்தாலும் மோரியா 1960-ல் எலக்ட்ரான் கணக்காலும் இதை விளக்கினார்கள். செம்மண்ணில் காந்தத்தை உருட்டினால் ஒட்டிவரும் கருந்துகள்களைக் கண்டு ஹெமடைட் என்று எண்ண வேண்டாம். அவை பெரும்பாலும் மேக்னடைட்டும் மேக்ஹமைட்டும். டிஸ்ப்ரோசியத்தில் ஸ்பின்கள் தளத்துக்குத் தளம் சற்றுத் திரும்பித் திருகுபோல ஏறும். முக்கோண வலையிலோ மூன்றாமவருக்கு எந்தப் பக்கமும் ஒத்துவராததால், மூவரும் 120 டிகிரி இடைவெளியில் சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

பயன் இல்லை என்றார்கள்

எதிர்ஃபெர்ரோ பொருள்கள் கோட்பாட்டுக்குச் சுவையானவை, பயன்பாடு ஏதும் தென்படவில்லை என்ற பொருளில் நெயெலே தம் நோபல் உரையில் சொன்னார். ஆனால் பயனுக்கான விதை 1956-லேயே விழுந்துவிட்டது. மைக்கிள்ஜானும் பீனும் ஆக்சைடுத் தோல் போர்த்திய கோபால்ட் நுண்துகள்களைப் புலத்தில் வைத்து 77 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது தயக்கக் கண்ணி ஒரு பக்கமாக நகர்ந்தது. எதிர்ஃபெர்ரோ தோல், தன்னைத் தொடும் ஃபெர்ரோ காந்தத்தை ஒரே திசையில் பிடித்து நிறுத்துகிறது. வெளிப்புலத்தால் எளிதில் அசைக்க முடியாத பொருள். நங்கூரத்துக்கு வேறென்ன வேண்டும்? 1997 முதல் வன்தட்டுகளின் படிப்பு முனையில் இருப்பது இந்த நங்கூரம்.

செய்முறையில் கை தவறும் இடங்கள் பல. இரும்பு–மாங்கனீசு அரிக்கும், 150 டிகிரி செல்சியஸ் அருகிலேயே பிடியை விட்டுவிடும். பிளாட்டினம்–மாங்கனீசு படியும்போது ஒழுங்கற்ற அமைப்பில் படியும். 250 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் பதப்படுத்தினால்தான் வேண்டிய அமைப்பு வரும். இரிடியம்–மாங்கனீசு சில நானோமீட்டர் தடிமனிலேயே வேலை செய்கிறது. மிக மெல்லியதாக்கினால் பிடி போய்விடும். பதப்படுத்தும் சூட்டைக் கூட்டினால் மாங்கனீசு பக்கத்து அடுக்குகளுக்குள் ஊடுருவி உணரியைக் கெடுக்கும். சூடேற்றிப் புலத்தோடு குளிர்விப்பதில் புலத்தின் திசை பிசகினால் நங்கூரமும் அந்தப் பிசகிய திசையிலேயே இறுகிவிடும்.

2022-ல் இன்னொரு வகை பெயர் பெற்றது: ஆல்டர் காந்தம். எதிரெதிர் அணிகள், கூட்டுத்தொகை சுழி. ஆனால் ஓர் அணியின் சுற்றுப்புறத்தைச் சுழற்றினால்தான் மறு அணியின் சுற்றுப்புறம் கிடைக்கும், வெறுமனே நகர்த்தினால் கிடைக்காது. அதனால் ஃபெர்ரோ காந்தம்போலவே எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள் ஸ்பின்படி பிரிகின்றன. மாங்கனீசு டெல்லூரைடில் இந்தப் பிரிவை 2024-ல் நேரடியாகப் பார்த்தார்கள். அதிகம் பேசப்பட்ட ருத்தேனியம் டைஆக்சைடின் கதைதான் வேறு மாதிரி போனது. 2017-ல் நியூட்ரான் உச்சிகளை வைத்து அதில் 0.05 மேக்னெட்டான் ஒழுங்கு இருப்பதாகச் சொன்னார்கள். 2024-ல் மியூவான்களை (உள்ளே உள்ள காந்தப் புலத்தை உணரும் நுண்துகள்கள்) செலுத்திப் பார்த்தபோது ஆயிரத்தில் ஒரு மேக்னெட்டான் அளவுகூடத் தேறவில்லை. படிகத்துக்குள் நியூட்ரான் இருமுறை சிதறி, இருக்கக் கூடாத இடத்தில் உச்சி ஒன்றைக் காட்டியிருந்தது.